எவ்வளவு சிரமமாக இருக்கிறது?

பிப்ரவரி 3

தம்பிக்கு,

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இனிமேல் நமக்குள் போன் வேண்டாம். நீ கத்துவாய், நான் அழுவேன், பக்கத்து அறையில் அப்பா தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். நுரையீரல்தான் போய்விட்டதே தவிர, காது இன்னும் வாலிபமாக இருக்கிறது. அதனால் எழுது. நானும் எழுதுகிறேன்.

நீ கேட்டது அவர் காதில் விழவில்லை என்று நம்புகிறேன். என் காதில் நன்றாக விழுந்தது. "நெஜமாவே அவ்ளோ கஷ்டமா, இல்ல நீ பெருசு பண்றியா?" என்றாய். பெரிதுபண்ணவில்லை என்று நான் விளக்க ஆரம்பித்தால் அதுவே பெரிதுபண்ணுவதாக ஆகிவிடும். ஆகவே கஷ்டத்தைப் பற்றி இனி உன்னிடம் பேசுவதாக இல்லை. செய்தி மட்டும் சொல்கிறேன்.

ஆக்ஸிஜன் மெஷின் வந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து நீளமாக ஒரு டியூப். குளியலறை வரைக்கும் எட்டும், வாசலுக்கு எட்டாது. "ஆயுசு பூரா ஊருக்குக் கம்பி இழுத்தேன், இப்ப எனக்கே இழுத்துட்டாங்க" என்கிறார். மின்கம்பம் ஏறின மனுஷனுக்குப் பேச்சு மட்டும் இறங்கவில்லை. மூச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு தடவை ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு 'டிரில் மாஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

உன்னை விசாரித்தார். "அகராதி எப்ப வரான்?" என்றார். தெரியாது என்றேன்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேலை அழுத்தத்தில் வாய் தவறிவிட்டது. என்ன வேலை என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஊரான் ஊரானிடம் "உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது?" என்று கேட்பதற்கு வார்த்தை தேடுவதுதான் என் வேலை. சொந்த அக்காவிடம் கேட்கத் தெரியவில்லை.

நான் இருக்கிற இந்த அரபு நாட்டு மருத்துவமனையில் பெரிய பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. இதய நோயாளிகளும் மூச்சு நோயாளிகளும் ட்ரெட்மில்லில் நடப்பார்கள். எதிரே சுவரில் ஓர் அட்டை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் ஒரு சொல். சிரமமே இல்லை, மிக லேசு, லேசு, கொஞ்சம் கடினம், கடினம், மிகக் கடினம் என்று ஏறிக்கொண்டே போகும். நடக்கிறவர் எந்த எண்ணில் விரலை வைக்கிறாரோ அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அரபு தவிர வேறு மொழி தெரியாது. அந்த அட்டையை அரபுக்குக் கொண்டுவரத்தான் என்னைப் பிடித்திருக்கிறார்கள்.

ஆங்கிலக்காரர்கள் கல்லுக்கும் பரீட்சைக்கும் பாரம் தூக்குவதற்கும் 'ஹார்ட்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அரபில் அப்படித் தப்பிக்க முடியாது. 'ஸஅப்' என்றால் கணக்குப் பாடம் கடினம் என்பது போல. 'முர்ஹிக்' என்றால் ஆளைச் சக்கையாகப் பிழிவது. 'ஷாக்' என்று ஒன்று இருக்கிறது, உடம்பை வருத்துகிற உழைப்புக்கு. பிளப்பது என்கிற வேரிலிருந்து வந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன். உடம்பு விறகு மாதிரிப் பிளக்கிறபோது சொல்கிற சொல்.

நான் செய்ததை, மூலத்தைப் பார்க்காத ஓர் அம்மா திரும்பவும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டையும் ஒத்துப்பார்ப்போம். 'கொஞ்சம் கடினம்' என்று நான் அனுப்பினது 'பொறுத்துக்கொள்ளலாம்' என்று திரும்பி வந்தது. போனவன் ஒருத்தன், வந்தவன் வேறொருத்தன். மறுபடி உட்கார்ந்தேன்.

மார்ச் கடைசிக்குள் முடிந்துவிடும். முடிந்த கையோடு வருகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? செய்தி வேண்டாம், உன்னைப் பற்றி எழுது.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 27

டேய் அகராதி,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். போன் சண்டையைப் பற்றின வரிகளை மட்டும் விழுங்கிவிட்டேன். "வேலை செய்யாம வேலைக்குப் பேரு வச்சிட்டிருக்கானா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, முதுகைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். இனிமேல் நகைச்சுவை இல்லாமல் எழுது.

அவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. கட்டிலிலிருந்து குளியலறைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நடுவழியில் சுவரில் காலண்டர் இருக்கிறதல்லவா, அங்கே நின்று தேதி பார்ப்பார். போகும்போதும் பார்ப்பார், வரும்போதும் பார்ப்பார். "இன்னிக்கு வியாழனா?" என்பார். அதற்குள் வெள்ளியாக மாறிவிடாது என்று கேலி செய்தேன். வேலையில்லாத மனுஷனுக்குத் தேதி மேல் என்ன இவ்வளவு கரிசனமோ.

என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பரவாயில்லை. காலையில் பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடிப்போய் லென்ஸ் அறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். போன வாரம் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் செய்யாத தப்பு. முதலாளி திட்டவில்லை, "நீங்க கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கங்கம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மற்றபடி சமாளிக்கிறேன்.

மார்ச் கடைசி என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 14

அக்காவுக்கு,

இங்கே ஒரு விபரீதம் நடந்துவிட்டது. என்னால் என்றுதான் நினைத்தேன்.

லாரி ஓட்டினவர் ஒருவர், அப்பா வயது, இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்து நடை பழகுகிறார். மகன் என் வயதுக்காரன். துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக அப்பாவை விட்டு நகர மாட்டான். என் அரபு அட்டையைச் சோதித்துப் பார்க்கிற வாரம் அது. கேட்கும்போதெல்லாம் லாரிக்காரர் 'மிக லேசு' என்பதில் விரலை வைத்தார். வேகத்தைக் கூட்டினார்கள். மறுபடி 'மிக லேசு'. மறுபடி கூட்டினார்கள். அப்படியே முழங்கால் மடிந்து சரிந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், அது வரைக்கும் நல்லது. கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் சொல் ரொம்பக் கனமா இருக்கு, யாரும் தொடவே பயப்படுறாங்க" என்றார் மேலதிகாரி. 'ஷாக்'கை எடுத்துவிட்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் 'ஸஅப்' என்றே போட்டேன். அப்போதும் எல்லோரும் லேசு, லேசு என்றே சொன்னார்கள்.

பிறகு லாரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வார்டுக்குப் போனேன். மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். என் கையில் இருந்த பழைய அட்டையைப் பார்த்ததும், நான் கேட்காமலே 'ஷாக்' என்று எழுதியிருந்த ஒன்பதில் விரலை வைத்தார். அன்றைக்கு நடந்தபோது அதுதானாம். "அப்போ ஏன் சொல்லல?" என்றேன். மகன் போன கதவைக் காட்டினார். "அவன் பக்கத்துல நிக்கறப்போ எப்படிச் சொல்றது? வேலைய விட்டுட்டு வந்து எங்கூடக் கிடக்கறான். முடியலன்னு வேற அவன் காதுல விழணுமா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். சொல்லில் குற்றமே இல்லை அக்கா. கேட்கிற நேரத்தில் சொந்தக்காரர்களை வெளியே அனுப்பச் சொன்னேன். மறுநாளே எல்லோருடைய எண்ணும் ஏறிவிட்டது. 'ஷாக்' பழையபடி தன் இடத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் என்னைக் கொண்டாடுகிறார்கள்.

கொண்டாடுவதால் வந்த வினை, மூச்சுத் திணறலுக்கான இன்னோர் அட்டையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஜூன் வரை ஆகும். நீ சமாளிக்கிறேன் என்று எழுதியிருந்தாய், அந்தத் தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

&nbsp;

மார்ச் 26

தம்பி,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டிரில் மாஸ்டர் வந்தபோது, பால் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். எப்போதும் கூடவே நிற்பேன், அப்பா "நல்லாருக்கேம்மா" என்பார், அவள் எழுதிக்கொள்வாள். அன்றைக்கு அவள் திரும்பிப் போகும்போது தெருமுனையில் பிடித்துக் கேட்டேன். சொல்லக் கூடாது என்று இழுத்தாள். பிறகு சொன்னாள்.

கட்டிலை விட்டு எழுந்து நிற்பதே அவருக்கு, உன்னுடையதைப் போல அவள் வைத்திருக்கிற அட்டைக் கணக்கில், ஒன்பதாம். குளியலறை போய் வருவதற்கு எண்ணே இல்லையாம். காலண்டரில் தேதி பார்க்கவில்லையடா அவர். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். இத்தனை நாளும் நான் பக்கத்தில் நின்று கேலி செய்திருக்கிறேன். "எம்பொண்ணுக்குத் தெரிய வேணாம், அவ பயந்துடுவா" என்று அவளிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். இனி பயிற்சியால் ஆகப்போவது ஒன்றும் இல்லை, உங்கள் தம்பியை வரச்சொல்லுங்கள் என்று அவளே சொன்னாள்.

நான் சமாளிக்கிறேன் என்று எழுதினேன். பொய். பெருசு பண்றியா என்று நீ கேட்ட பிறகு உன்னிடம் வேறு எப்படி எழுதுவேன்? தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தெரியாது. அவர் மூச்சை எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன். சில நாள், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது. தோன்றினதும் எழுந்து போய் அவர் காலைப் பிடித்துவிடுகிறேன். இதையெல்லாம் யாரிடம் சொல்வேன்?

ஜூன் வேண்டாம். வா.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 4

அக்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். பத்தாம் தேதி வீட்டில் இருப்பேன். ஒன்பது நாள்தான் விடுமுறை கிடைத்தது, சண்டை போட்டு வாங்கினேன். அவரிடம் சும்மா வருகிறேன் என்று சொல். கடிதம் எழுதிக் கூப்பிட்டாய் என்று தெரிய வேண்டாம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேரில் பேசிக்கொள்வோம்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 19, விமான நிலையம்

அக்காவுக்கு,

விமானம் தாமதம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு உனக்கு எழுதலாம் என்று காகிதம் வாங்கினேன். இங்கேயே தபாலில் போட்டுவிடுவேன்.

வரும்போது நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு வந்தேன். போகும்போது பாதி இறங்கியிருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. தூக்கமில்லாமல் கிடக்கிறவளுக்கு எல்லாமே பூதாகரமாகத்தான் தெரியும். டிரில் மாஸ்டரும் சின்னப் பெண், பயந்திருப்பாள். டாக்டர் மாற்றிக் கொடுத்த புது மருந்து வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் இருந்த நாட்களில் எழுந்து உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டாரே. என் சட்டையைப் பார்த்து, "அரபு நாட்டு சுல்தான் இதத்தான் போடுவாரா?" என்று வம்புக்கு இழுத்தாரே.

இன்னொன்றும் செய்தேன். நீ கடைக்குப் போயிருந்தபோது, உன்னை வெளியே வைத்துவிட்டுத்தான் கேட்டேன். அட்டையைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். எது என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். 'லேசு' என்பதைத் தொட்டார். நீ பக்கத்தில் இல்லாதபோது சொன்னது, அதனால் நம்பலாம்.

இன்று காலையில் என்னை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் நடந்து வந்தார், டியூப் இல்லாமல்! "கொஞ்ச நேரம் கழட்டி வைக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு" என்றார். நீ பின்னாலேயே ஒன்றும் பேசாமல் வந்தாய். உனக்குக் கோபமோ என்று நினைத்தேன். என் பையின் பட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டார், நான் தனியாகச் சுமக்கக் கூடாதாம். ஒவ்வொரு மின்கம்பத்தின் அருகிலும் நின்று, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, என் வேலையைப் பற்றி ஏதாவது கேட்டார். திரும்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற அம்மா எப்படிச் செய்வார்? லாரிக்காரர் என்ன ஆனார்? 'ஷாக்'குக்கு ஏன் அந்தப் பெயர்? நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து என் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜூனில் மறுபடி வருகிறேன். அதுவரை நீ வேளைக்குச் சாப்பிடு, கொஞ்சம் தூங்கு.

தம்பி

&nbsp;

மே 2

தம்பி,

விமான நிலையத்தில் நீ எழுதின கடிதம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. வாசலில் வாங்கி, பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். நீ அழுத அழுகையில் மீதியைச் சொல்ல முடியவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, எல்லாம் முடிந்த பிறகு வந்து என்ன செய்யப்போகிறேன் என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது முழுவதும் எழுதிவிடுகிறேன். நீ தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

நீ வருவதற்கு முந்தின நாள் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அவன் வேலைல என்ன கேட்டா நீளமாப் பேசுவான்?" என்றார். எனக்குப் புரியவில்லை. உன் கடிதங்களிலிருந்து எடுத்துச் சொன்னேன். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுகிற அம்மா, லாரிக்காரர், அந்தச் சொல்லுக்கு வந்த பெயர். விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டார். கம்பத்துக்குக் கம்பம் அவர் கேட்டதெல்லாம் அதுதான். அவர் கேட்டுவிட்டு நின்றால் நீ பேசிக்கொண்டே இருப்பாய், அவருக்கு மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். பையின் பட்டையைப் பிடித்தது சுமக்க இல்லையடா. விழாமல் இருக்க.

உன் வேலையைப் பற்றிக் கேட்டது பொய் என்று சொல்ல மாட்டேன். காலண்டர் முன்னால் மூச்சு வாங்க நின்றபோது தேதியையும் பார்க்கத்தான் செய்தார்.

என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன், பிறகு எடுத்து நீவி வைத்தேன். அத்தனை பேருடைய மகனையும் மகளையும் வெளியே நிறுத்தினாய். நீ யாரடா அவருக்கு? வெளியே போயிருக்க வேண்டியவன் நீதான்.

நீ தெருமுனையில் திரும்பினாய். அவர் கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போயிட்டானா? நல்லாப் பாத்தியா?" என்றார். போய்விட்டான் என்றேன். அப்படியே கம்பத்தோடு வழுக்கி உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் நீலம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து அதில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மெஷினைப் போட்டேன், ஒன்றும் ஏறவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவன் முன்னாடி விழலல்ல?" இல்லப்பா, விழல என்றேன். முகம் பளிச்சென்று ஆயிற்று. சின்ன வயதில் கம்பத்தின் உச்சியிலிருந்து நம்மைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டுவாரே, அந்த முகம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கடைசியாக அவர் சந்தோஷப்பட்டது உன்னை ஏமாற்றியதில்தான்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். காலையில் டியூபைக் கழற்றும்போது என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு நீ கிளம்புகிற அவசரத்தில் என்னைப் பார்த்து, "அப்பா நல்லாத்தானே இருக்காரு?" என்றாய். அவர் உனக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரில் யாருக்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தடுத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் இருந்திருப்பாரா? டிரில் மாஸ்டர் இல்லை என்கிறாள். அவள் நல்ல பெண், எனக்காகச் சொல்கிறாள்.

உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். அது போக நாளாகும். என் மேல் இருக்கிற கோபம் போகுமா என்று தெரியவில்லை. விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும், நல்ல சாவு, படுக்கையில் கிடக்காமல் நடந்தபடியே போய்விட்டார், புண்ணியவான் என்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு காபி கொடுக்கிறேன். இதுவரை ஒருவர் முன்னாலும் நான் அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் என்று பார்த்தால், அதுவும் வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வந்து என்ன செய்வது என்று கேட்டாயே. நீ வந்து ஒன்றும் செய்ய வேண்டாம். நீயும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து அழ வேண்டும். தனியாக என்னால் முடியவில்லை.

அக்கா